முந்தைய மாதிரியின் எடை: தராசையும் மென்பொருளையும் இணைத்த இடத்தில் நேர்ந்த பிழை

## பின்னணி

ஒரு பகுப்பாய்வுக் கூடத்தில் மாதிரிகளை எடைபோட்டு, அந்த எடையை நேரடியாகக் கணினியில் பதிந்துவந்தார்கள். கருவி, 0.1 மில்லிகிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு. அதன் பின்புறம் உள்ள ஆர்.எஸ்-232 சீரியல் போர்ட்டிலிருந்து (தரவை ஒவ்வொரு பிட்டாக வரிசையில் அனுப்பும் இணைப்பு) ஒரு கேபிள் கிளம்பி, யு.எஸ்.பி. மாற்றி வழியாகக் கணினிக்குள் போகும். கணினியில் கூடத்துக்கென்றே எழுதப்பட்ட பதிவு மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும். பணியாளர் மாதிரிக் குப்பியின் பார்கோடை ஸ்கேன் செய்வார், தட்டில் எடைத்தாளை வைத்துப் பூஜ்யமாக்குவார், பொருளை வைப்பார், எண் நிலைத்ததும் திரையில் 'பதி' பொத்தானை அழுத்துவார். எடை அந்த மாதிரியின் பெயரில் ஏறிவிடும்.

கையால் எழுதும்போது இலக்கங்கள் இடம்மாறிப் போகும் என்பதால்தான் இந்த இணைப்பே செய்யப்பட்டது. பல காலம் அது குறையின்றி வேலை செய்தது. அப்போது எடைபோடப்பட்டவை பெரும்பாலும் மாத்திரை போன்ற, ஒரே துண்டாக வைக்கக்கூடிய பொருள்கள். பிறகு கூடத்துக்குப் பொடி மாதிரிகள் வரத் தொடங்கின. ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் அளவுக்குப் பொடியைக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக இட்டு எடுக்க வேண்டும். சரியாக 500 வரவேண்டியதில்லை. 490க்கும் 510க்கும் இடையே எங்கே நின்றாலும் போதும், ஆனால் நின்ற இடம் துல்லியமாகத் தெரிய வேண்டும். கரைசலின் செறிவை அந்த எண்ணை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். எடையில் 1 சதவீதம் பிசகினால் முடிவும் 1 சதவீதம் பிசகும்.

மென்பொருளில் ஒரு வரி கூட மாறவில்லை. கருவியும் மாறவில்லை. மாறியது மனிதர் அந்தத் தராசின் முன் நின்று செய்யும் வேலை மட்டும். இந்த நிகழ்வின் வேர் இங்கேதான் இருக்கிறது என்றாலும், தொடக்கத்தில் எவருக்கும் அது கண்ணில் படவில்லை.

## முதலில் கவனிக்கப்பட்டவை

ஒரு மாதிரியின் மறுபகுப்பாய்வு முதல் முடிவோடு ஒத்துப்போகவில்லை. வேறுபாடு சிறியது, ஆனால் அந்த முறையின் இயல்பான சிதறலைவிடப் பெரியது. கரைப்பானைச் சோதித்தார்கள், கண்ணாடிக் குடுவைகளைச் சோதித்தார்கள், தராசைச் சான்றெடைகள் வைத்துச் சோதித்தார்கள். எல்லாம் சரியாக இருந்தன. இதற்குள் இன்னும் சில மாதிரிகளில் அதே போன்ற சிறு முரண்கள் வந்தன.

இந்த நேரத்தில் ஒரு பணியாளர் சொன்ன வாக்கியம் பதிவேட்டில் இருக்கிறது: "தராசுல ஒரு எண் நிக்குது, திரையில வேற எண் ஏறுது. எப்பவும் இல்ல, சில நாள் மட்டும்." இதற்குக் கூடத்தில் ஒரு விளக்கம் உடனே கிடைத்தது. பொத்தானை அழுத்திய பின் காற்றசைவால் தராசின் எண் ஓரிரு இலக்கம் நகர்ந்திருக்கலாம் என்றார்கள். விளக்கம் நம்பும்படி இருந்ததால் அவர் சொன்னது அங்கேயே நின்றுவிட்டது.

அவர் அதோடு விடவில்லை. அன்றிலிருந்து தராசில் தெரிந்த எண்ணைத் தன் குறிப்பேட்டில் தனியாக எழுதிவந்தார். யாரும் கேட்காமல் அவர் செய்த அந்த வேலை இல்லாதிருந்தால், பின்னால் வந்த எதையுமே இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது.

## முதல் தலையீடு: கேபிளும் மாற்றியும்

பராமரிப்புப் பொறுப்பில் இருந்தவர்களின் முதல் சந்தேகம் இணைப்பின் மீது விழுந்தது. கேபிள் பழையது, மாற்றி மலிவானது, அருகிலேயே மோட்டார் ஓடும் கருவிகள். மின்னிரைச்சல் புகுந்து எண் கெடுகிறது என்று கருதிக் கேபிளை மாற்றினார்கள். பிழை மறைந்தது. சில நாள்களில் மீண்டும் வந்தது. மாற்றியையும் மாற்றினார்கள். அப்போதும் மறைந்தது, அப்போதும் திரும்பி வந்தது.

இடையில் இன்னொரு சிக்கலும் முளைத்தது. புதிய மாற்றியை வேறொரு யு.எஸ்.பி. துளையில் செருகியதும் கணினி அதற்கு வேறு காம் போர்ட் எண்ணை, அதாவது சீரியல் இணைப்புக்குத் தரும் அடையாள எண்ணை, கொடுத்துவிட்டது. மென்பொருள் பழைய எண்ணைத் தேடிக்கொண்டு நின்றது. தனக்கென வரிசை எண் இல்லாத மாற்றிகளை விண்டோஸ் அவை செருகப்பட்ட துளையை வைத்தே அடையாளம் காண்கிறது. அதனால் துளை மாறினால் போர்ட் எண்ணும் மாறும். அமைப்பைத் திருத்தி இதைச் சரிசெய்தார்கள். மூலப் பிழைக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனால் 'இணைப்பில்தான் கோளாறு' என்ற எண்ணத்தை இது இன்னும் உறுதியாக்கிவிட்டது.

கேபிளை மாற்றிய பிறகும் போகாத பிழை பணியாளரின் கைப்பிழையாகப் பார்க்கப்பட்டது. முரண்கள் பெரும்பாலும் ஒரே பணியாளரின் மாதிரிகளில் வந்ததால் அந்த முடிவுக்கு வலு கூடியது. குறிப்பேட்டில் எண்களை எழுதிவந்த அதே பணியாளர்தான். அவருக்கு மறுபயிற்சி பரிந்துரைக்கப்பட்டது. பயிற்சியில் அவர் எல்லாவற்றையும் சரியாகவே செய்து காட்டினார்.

நான் இந்த நிலையில்தான் ஆய்வுக்கு அழைக்கப்பட்டேன்.

## எண்களை அருகருகே வைத்துப் பார்த்தபோது

குறிப்பேட்டின் எண்களையும் மென்பொருளில் பதிந்திருந்த எண்களையும் ஒரே தாளில் எதிரெதிராக எழுதினோம். ஒரு நாளின் தொடக்கத்தில் இரண்டும் அச்சாக ஒத்துப்போயின. ஓரிடத்தில் பிரிந்தன. பிரிந்த பிறகு ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவைபோலத் தெரிந்தன. ஆனால் ஒரு பக்கத்தை ஒரு வரி கீழே இறக்கிப் பார்த்தால் கடைசி இலக்கம் வரை மீண்டும் ஒத்துப்போயின.

தராசில் 501.2 காட்டிய மாதிரிக்கு மென்பொருளில் 500.6 ஏறியிருந்தது. அந்த 500.6 அதற்கு முந்தைய மாதிரியின் உண்மையான எடை. அடுத்த மாதிரிக்கு 501.2 ஏறியிருந்தது. இப்படியே நாள் முடியும் வரை ஒவ்வொரு மாதிரியும் தனக்கு முந்தையதன் எடையைச் சுமந்துகொண்டு போயிருந்தது. மறுநாள் காலையில் எல்லாம் மீண்டும் சரியாகத் தொடங்கியது.

மின்னிரைச்சல் என்ற ஐயம் இந்த ஒரு தாளில் அடிபட்டுப்போனது. இரைச்சல் எழுத்துகளைச் சிதைக்கும். ஒரு முழு வரியைப் பத்திரமாக எடுத்து அடுத்த மாதிரியிடம் கொடுக்காது. மேலும் இந்த இணைப்பு விநாடிக்கு 2400 பிட் வேகத்தில், 7 தரவு பிட், இரட்டைப்படைப் பேரிட்டி (எழுத்துதோறும் சேர்க்கப்படும் சரிபார்ப்பு பிட்), 1 நிறுத்த பிட் என்ற அமைப்பில் ஓடியது. ஒரு பிட் மட்டும் புரண்டால் பேரிட்டி அதைக் காட்டிக்கொடுக்கும். போர்ட்டைக் கையாளும் நிரலான டிரைவரின் பிழை எண்ணிக்கையில் அப்படி எதுவுமே பதிவாகவில்லை. வந்த ஒவ்வொரு எண்ணும் உண்மையான, நலமான எண். தவறான மாதிரியிடம் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான்.

## கம்பியில் உண்மையில் என்ன ஓடுகிறது

அடுத்துத் தெரிய வேண்டியது, தராசு எப்போது அனுப்புகிறது, மென்பொருள் எப்போது எடுத்துக்கொள்கிறது என்பது. அதே கணினியில் போர்ட்டைக் கண்காணிக்கும் மென்பொருளை நிறுவலாம் என்ற யோசனை வந்தது. அதை நான் ஏற்கவில்லை. நிறுவுவதற்கு மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். ஒவ்வொரு காலையும் மூடித் திறந்த பின் பிழை மறைந்துவிடுவதை ஏற்கெனவே பார்த்திருந்தோம். ஆய்வதற்கு எடுக்கும் நடவடிக்கையே தடயத்தை அழித்துவிடும்.

எனவே தனிக் கணினி ஒன்றைக் கொண்டுவந்து, தராசு அனுப்பும் கம்பியிலிருந்து ஒரு கிளை எடுத்து, இரண்டாவது மாற்றியின் பெறும் முனையில் இணைத்தோம். ஆர்.எஸ்-232 பெறும் முனை ஒவ்வொன்றும் 3 முதல் 7 கிலோஓம் வரை சுமை தரும். இரண்டு முனைகள் இணையாக நின்றால் சுமை கூடும். கேபிள் குட்டையாக இருந்ததால் மின்னழுத்தம் தாங்கியது. அளந்து பார்த்த பிறகே தொடர்ந்தோம். கிளை கேட்க மட்டும் செய்யும், எதையும் அனுப்பாது. மென்பொருளிலும், நாளின் வேலை தொடங்குவதற்கு முன்பே, ஒரு சிறு சேர்க்கை செய்தோம்: ஒவ்வொரு 'பதி' அழுத்தத்தின் நேரமும், அப்போது போர்ட்டிலிருந்து எடுக்கப்பட்ட வரியும் அப்படியே கோப்பில் எழுதப்படும்.

இரண்டு கோப்புகளையும் ஒப்பிட்டபோது கதை தெளிவானது. சரியான பதிவுகளில், வரி கம்பியில் வந்த கணத்துக்கும் மென்பொருள் அதை எடுத்த கணத்துக்கும் இடையே சில விநாடிகளே இருந்தன. அது பணியாளர் பொத்தானை நோக்கிக் கை நீட்டும் நேரம். தவறிய பதிவுகளில் அந்த இடைவெளி நிமிடக் கணக்கில் இருந்தது. மென்பொருள் 'இப்போதைய எடை' என்று எழுதிக்கொண்டது முந்தைய மாதிரி தட்டில் இருந்தபோது வந்த வரி.

## பிழை பிறந்த விதம்

தராசு தானாக அனுப்பும் முறையில் அமைக்கப்பட்டிருந்தது. எடை கூடி, நிலைத்து நின்றால், ஒரு வரி அனுப்பும். அதன்பின் எடை மேலும் ஒரு வரம்பைத் தாண்டிக் கூடி மறுபடி நிலைத்தால் இன்னொரு வரி. தட்டு காலியாகும்போது எதுவும் அனுப்பாது. ஒவ்வொரு வரியும் 17 எழுத்து. எழுத்துக்கு 10 பிட் என்றால் 2400 வேகத்தில் ஒரு வரி கம்பியைக் கடக்க ஏறத்தாழ 71 மில்லிவிநாடி ஆகும். வரி கணினியை அடைந்ததும் டிரைவரின் பஃபரில், அதாவது தற்காலிகச் சேமிப்பிடத்தில், தங்கும். மென்பொருள் கேட்கும்வரை அங்கேயே இருக்கும். முதலில் வந்தது முதலில் வெளியேறும்.

மென்பொருள், பணியாளர் உள்நுழையும்போது போர்ட்டைத் திறந்து வெளியேறும்வரை திறந்தே வைத்திருந்தது. 'பதி' அழுத்தினால் பஃபரிலிருந்து ஒரே ஒரு வரியை எடுக்கும். மாத்திரை வைத்த காலத்தில் ஒரு மாதிரிக்கு ஒரு நிலைப்பு, ஒரு வரி, ஒரு அழுத்தம். கணக்கு எப்போதும் நேராயிற்று. பொடியை இடும்போது அப்படியில்லை. கை நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் தராசு நிலைத்து ஒரு வரி அனுப்பிவிடும்.

அப்படியானால் பிழை முதல் நாளே வெடித்திருக்க வேண்டுமே என்ற கேள்வி எழும். எழுந்தது. அதற்கு விடை மென்பொருளில் இருந்த ஒரு நல்ல எண்ணத்தில் கிடைத்தது. 490க்கும் 510க்கும் வெளியே உள்ள எண் வந்தால் 'மீண்டும் அழுத்தவும்' என்று சொல்லி நிராகரிக்கும் வரம்புச் சோதனை அது. பாதி இட்டபோது நின்ற 430, 455 போன்ற வரிகள் முதல் அழுத்தத்தில் வந்து நிராகரிக்கப்பட்டன. இரண்டாவது அழுத்தத்தில் அடுத்த வரி வந்தது. பணியாளர்கள் இதை இயல்பாக எடுத்துக்கொண்டார்கள். முதல் அழுத்தத்தில் சில சமயம் ஏறாது, இன்னொரு தரம் அழுத்தினால் ஏறும் என்பது கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பழைய வரிகளை அவர்கள் அறியாமலே கையால் வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள்.

வரம்புக்குள்ளேயே இரண்டு முறை நிலைத்தால்தான் பிழை பிறக்கும். பணியாளர் 497.3இல் நின்று, இன்னும் சற்றுச் சேர்ப்போம் என்று 500.6க்குக் கொண்டுபோகிறார். பஃபரில் இரண்டு வரிகள். அழுத்தினால் 497.3 ஏறும்; வரம்புக்குள் இருப்பதால் ஏற்கப்படும். 500.6 பஃபரிலேயே மிஞ்சும். அடுத்த மாதிரியில் முதல் அழுத்தத்திலேயே அது வெளிவந்து, அதுவும் வரம்புக்குள் இருப்பதால், கேள்வியின்றி ஏற்கப்படும். அந்தக் கணத்திலிருந்து எல்லாம் ஒரு படி பின்தங்கும். வெளியேறி மறுபடி உள்நுழைந்தால் போர்ட் புதிதாகத் திறக்கும், பஃபர் காலியாகும், பிழை போய்விடும்.

கேபிள் மாற்றியபோது பிழை மறைந்தது ஏன் என்பதும் இதில் அடங்கிவிட்டது. கேபிளையும் மாற்றியையும் மாற்ற மென்பொருளை மூட வேண்டியிருந்தது. குணப்படுத்தியது மூடித் திறந்ததுதான். கேபிளுக்கு அதில் பங்கில்லை. ஒரே ஒரு பணியாளரிடம் பிழை அதிகம் வந்ததற்கும் காரணம் இதுவே. இலக்கை நெருங்கிய பின்னும் நிதானமாக நிறுத்திப் பார்த்து, 500ஐ ஒட்டி வரும்படி கடைசித் துளியைச் சேர்ப்பவர் அவர். கூடத்திலேயே கவனமாக எடைபோட்டவரின் கவனம்தான் அவருக்கு எதிரான சான்றாக நின்றது. இதை அறிக்கையில் தனிப் பத்தியாக எழுத வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டேன். கூடத்தின் தலைவர் ஏற்றார். மறுபயிற்சிக் குறிப்பு அவருடைய பணிப்பதிவிலிருந்து நீக்கப்பட்டது.

## என்ன தீர்மானித்தோம், ஏன்

எளிதாகத் தோன்றிய முதல் வழி, அழுத்தியவுடன் பஃபரைத் துடைத்துவிட்டு அடுத்த வரிக்காகக் காத்திருப்பது. தானாக அனுப்பும் முறையில் இது உதவாது. சரியான வரி அழுத்தத்துக்கு முன்பே வந்திருக்கும். துடைத்தால் அதுவும் போய்விடும். எடை இனி மாறாது என்பதால் இன்னொரு வரி வரவே வராது.

இரண்டாவது வழி, பஃபரில் உள்ள கடைசி வரியை மட்டும் எடுப்பது. இதற்கு ஆதரவு அதிகம் இருந்தது, ஏனென்றால் திருத்தம் மிகச் சிறியது, அன்றே செய்துவிடலாம். மேலே சொன்ன நிகழ்வை அது தடுக்கவும் செய்யும். ஆனால் மாதிரியைப் பதிந்த பிறகு பணியாளர் தட்டைத் தொட்டோ பொடியைச் சேர்த்தோ இன்னொரு வரி பிறந்தால், அது அடுத்த மாதிரிவரை பஃபரில் கிடக்கும். அடுத்ததில் எண் நிலைக்கும் முன் அவசரமாக அழுத்தினால், இருக்கும் கடைசி வரி முந்தைய மாதிரியுடையதாகவே இருக்கும். பிழை அரிதாகும், ஆனால் ஒழியாது. அரிதான பிழையைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். குறிப்பேடு எழுதும் ஒருவர் எல்லாக் கூடங்களிலும் இருக்கமாட்டார்.

எனவே மூன்றாவதைத் தேர்ந்தோம்: தராசு தானாகப் பேசுவதை நிறுத்துவது. மென்பொருள் கட்டளை அனுப்பினால் மட்டும், அதுவும் எடை நிலைத்த பிறகு, தராசு பதில் சொல்ல வேண்டும். கேட்கும் முன் பஃபரைத் துடைத்துவிடலாம், ஏனென்றால் கேள்விக்கு முன் வந்த எதுவும் விடையாக இருக்க முடியாது. ஒவ்வொரு எண்ணும் அது கேட்கப்பட்ட கணத்தோடு கட்டுண்டுவிடும்.

இதற்குக் கருவியின் பக்கமும் வேலை இருந்தது. கேபிளைத் திறந்து பார்த்தபோது உள்ளே இரண்டே கம்பிகள்: தராசிலிருந்து வரும் தரவுக் கம்பி, தரைக் கம்பி. கணினியிலிருந்து தராசுக்குப் போகும் கம்பியே இல்லை. அதுவரை தேவைப்படவில்லை. 9 முனை இணைப்பியில் 2, 3, 5 மூன்றும் இணைக்கப்பட்ட கேபிள் ஒன்று செய்யப்பட்டது. அனுப்பும் முனையும் பெறும் முனையும் நேராகப் போக வேண்டுமா குறுக்காகப் போக வேண்டுமா என்பது தராசுக்குத் தராசு மாறும். கையேட்டைப் பார்த்து, மீட்டர் வைத்து உறுதிசெய்த பிறகே செருகினோம்.

## சோதனையில் வெளிவந்த இன்னொரு முகம்

புதிய முறையை நேரடியாகத் தராசில் சோதித்துத் திருப்தியடையக் கூடாது என்று தீர்மானித்தோம். நல்ல தராசு நல்லபடியாகத்தான் பதில் சொல்லும். சோதிக்க வேண்டியது கெட்ட நேரத்தை. கணினிக்குள்ளேயே ஒரு சோடி மெய்நிகர் சீரியல் போர்ட்டுகளை உருவாக்கி, ஒரு முனையில் தராசைப் போல நடிக்கும் சிறு நிரலை வைத்தோம். அது வேண்டுமென்றே இரண்டு முறை பதில் சொல்லும், பாதி வரியில் நிற்கும், வாய் திறக்காமலே இருக்கும், அளவு மீறிய சுமை என்று சொல்லும், மிகத் தாமதமாகப் பதில் சொல்லும்.

தாமதப் பதிலில் மென்பொருள் விழுந்தது. தராசுக்கு அருகில் புகைபோக்கிக் கூண்டின் காற்றோட்டம் உண்டு. எண் நிலைக்க நேரமானால் பதிலும் தாமதமாகும். மென்பொருள் குறிப்பிட்ட நேரம் காத்திருந்து கைவிட்டுவிடும். பணியாளர் அந்த மாதிரியை ஒதுக்கிவிட்டு அடுத்ததை ஸ்கேன் செய்கிறார், 'பதி' அழுத்துகிறார். மென்பொருள் பஃபரைத் துடைத்துவிட்டுப் புதிய கட்டளை அனுப்புகிறது. சரியாக அப்போது முதல் கேள்விக்கான விடை வந்து சேருகிறது. மென்பொருள் அதை இரண்டாவதன் விடையாக எடுத்துக்கொள்கிறது. கட்டளை முறைக்கு மாறிய பிறகும் அதே பழைய பிழை, வேறு வாசல் வழியாக.

இதற்குக் காரணம், தராசின் உரையாடலில் கேள்விக்கும் விடைக்கும் பொது அடையாளம் எதுவும் இல்லாதது. தொழிற்கருவிகள் வலையமைப்பில் பேசிக்கொள்ளும் மாட்பஸ் டி.சி.பி. போன்ற நெறிமுறையில் ஒவ்வொரு கேள்வியும் 2 பைட் அடையாள எண்ணைச் சுமந்து போகும். விடையும் அதே எண்ணைத் திருப்பிக் கொண்டுவரும். சீரியல் இணைப்பில் ஓடும் மாட்பஸ் ஆர்.டி.யு. வகையில் அப்படியில்லை. இந்தத் தராசிலும் இல்லை. அடையாளம் இல்லாத இடத்தில் ஒழுங்கால்தான் ஈடுகட்ட முடியும். காத்திருப்பைக் கைவிட்டால் மென்பொருள் முதலில் ரத்துக் கட்டளை அனுப்ப வேண்டும். பிறகு கம்பி ஒரு குறிப்பிட்ட நேரம் முழுக்க அமைதியாக இருக்கும்வரை வருவதையெல்லாம் படித்து எறிய வேண்டும். அதற்குப் பிறகே அடுத்த கேள்வி. அதுவரை 'பதி' பொத்தான் செயல்படாது.

இன்னொரு தடுப்பும் சேர்த்தோம். ஒரு மாதிரி பதிந்ததும், தட்டிலிருந்து சுமை இறங்கியதைத் தராசிடமே கேட்டு உறுதிசெய்த பிறகுதான் அடுத்த பார்கோடை மென்பொருள் ஏற்கும். இது சில விநாடிகளைத் தின்னும். பணியாளர்களில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. காரணத்தை எண்களோடு காட்டியபோது ஏற்றார்கள்.

## பழைய பதிவுகள்

திருத்தத்தைவிடக் கடினமானது இதுதான். முன்பே வெளியே அனுப்பப்பட்ட முடிவுகளில் எவை தவறு? அடுத்தடுத்த இரண்டு பதிவுகள் ஒரே எண்ணாக இருக்கும் இடங்களைத் தேடலாம் என்றார் ஒருவர். ஆனால் பிழை தொடங்கும் இடத்தில் எண்கள் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை, 497.3ம் 500.6ம் முழுக்க இயல்பான இரண்டு மாதிரிகளைப் போலவே தெரியும். பதிவுகளை மட்டும் பார்த்து வழுக்கலைக் கண்டுபிடிக்க வழியில்லை.

மென்பொருள் நிராகரித்த எண்களை எங்கும் சேமிக்கவில்லை. சேமித்திருந்தால் பின்தங்கிய வரிசையை மீண்டும் கட்டியிருக்கலாம். குறிப்பேடு இருந்த நாள்களின் பதிவுகள் திருத்தப்பட்டன. மற்ற நாள்களில், பொடி மாதிரிகள் எல்லாமே ஐயத்துக்குரியவை என்று கூடத்தின் தலைவர் தீர்மானித்தார். எஞ்சிய மாதிரி இருந்தவற்றை மறுபடி எடைபோட்டுப் பகுப்பாய்ந்தார்கள். மாதிரி தீர்ந்துபோனவற்றின் முடிவுகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றைப் பெற்றிருந்தவர்களுக்குக் காரணத்தோடு எழுதப்பட்டது. 'பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்' என்று விட்டுவிடும் யோசனையும் கூட்டத்தில் வந்தது. தலைவர் அதை ஏற்காதது எனக்கு மிகுந்த நிம்மதி தந்தது.

## இனி மாறுபவை

எடையோடு அதன் வரலாறும் சேமிக்கப்படுகிறது: தராசு அனுப்பிய வரி ஒரு எழுத்தும் மாறாமல், கேள்வி போன நேரம், விடை வந்த நேரம், நிராகரிக்கப்பட்டால் அதற்கான காரணம். கணினிக் கடிகாரம் திருத்தப்பட்டாலும் இடைவெளி பிசகாதிருக்க, முன்னோக்கி மட்டுமே ஓடும் உள்கடிகாரத்தின் நேரமும் உடன் எழுதப்படுகிறது. வரம்புச் சோதனை தோற்றால் மென்பொருள் இனி அடுத்த வரியைத் தேடாது. தராசிடம் புதிதாகக் கேட்கும். இரண்டாவது அழுத்தத்தில் ஏறும் வழக்கம் எங்கேனும் தென்பட்டால் அதைப் பிழையாகவே பதிந்து விசாரிக்க வேண்டும் என்பது பராமரிப்புக் குழுவின் விதியாகியிருக்கிறது. மாற்றிகள் போர்ட் எண்ணால் அல்லாமல் அவற்றின் வரிசை எண்ணால் தேடப்படுகின்றன. வரிசை எண் இல்லாத மாற்றி வாங்கப்படுவதில்லை.

கூடத்தில் புதுவகை மாதிரியோ புதுமுறையோ வரும்போது, மென்பொருள் மாறாவிட்டாலும், இணைப்புச் சோதனை மீண்டும் செய்யப்படும். அந்தச் சோதனையைச் செய்பவர் அன்றாடம் அந்த வேலையைச் செய்பவராக இருப்பார். இப்போது அந்தச் சோதனையில் பார்க்க வேண்டியவற்றின் பட்டியலை எழுதுவதும் குறிப்பேடு வைத்திருந்த அதே பணியாளர்தான். கை எங்கெல்லாம் நிற்கும், எங்கே தயங்கும், எந்த நேரத்தில் தாள் நழுவும் என்பது நிரல் எழுதுபவருக்குத் தெரியாது. 'திரையில் வேறு எண்' என்பது போன்ற கூற்றுகள் விளக்கம் எதுவும் சேர்க்காமல், சொன்னவரின் சொற்களிலேயே, நேரத்தோடு பதியப்படுகின்றன.

கூடத்தில் இதே மென்பொருளோடு இணைந்த ஒரு பி.எச். மீட்டரும் இருக்கிறது. அதன் தொகுதியும் அதே பழைய முறையில், திறந்த போர்ட்டிலிருந்து ஒரு வரியை எடுப்பதாகவே எழுதப்பட்டிருந்தது. அதை மாற்றி எழுதி, போலிக் கருவியோடு சோதித்துக்கொண்டிருக்கிறோம். தாமதப் பதிலுக்கான சோதனையில் அது இன்னும் தேறவில்லை. தேறும்வரை அந்த அளவுகளை ஒருவர் கையால் எழுத, இன்னொருவர் மீட்டரைப் பார்த்துச் சரிபார்த்துக் கையொப்பமிடுகிறார்.